பழைய எடியஸ், சிஎஸ்6 வைத்திருப்பவர்களுக்கு: வீடியோ ஃபைல் திறக்காவிட்டால் என்ன செய்வது?

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ ஓட்டிக்கொண்டிருந்த சிஸ்டத்தில்தான் உட்காருகிறார். அதில் விண்டோஸ் 7 இருக்கும். எடிட் பண்ணும் மென்பொருளாக எடியஸ் 6.5 அல்லது 7 இருக்கும், இல்லையென்றால் அடோபியின் பிரீமியர் சிஎஸ்6. மூன்று கேமரா கார்டும் ஒழுங்காக உள்ளே போய்விடும். பெண்ணோட சித்தப்பா ஐபோனில் எடுத்த தாய்மாமன் சீர் ஊர்வலம் மட்டும் கறுப்பாக வரும், அல்லது சத்தம் மட்டும் வரும், அல்லது மென்பொருளே அப்படியே நின்றுவிடும். அந்த வீட்டுக்காரர்களுக்கோ ஆல்பத்தில் அந்த ஊர்வலம்தான் முக்கியம்.

இதையெல்லாம் எனக்கு உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. ஆங்கில வீடியோக்களைப் பார்த்தும், கடைக்குக் கடை கேட்டும், ராத்திரி கண்விழித்தும்தான் ஒரு வழிக்கு வந்தது. நீங்கள் அந்தப் பாடு படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். புது சிஸ்டம் வாங்கிவிட்டால் இதில் பாதி தேவைப்படாது என்பது தெரிந்ததுதான். வாங்கும் வரைக்கும் கல்யாணம் நிற்காதே.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எம்பி4, எம்ஓவி, ஏவிஐ, எம்கேவி என்று ஃபைல் பெயரின் கடைசியில் இருப்பது வெறும் பாத்திரம். தூக்குவாளியைப் பார்த்து உள்ளே சாம்பாரா பாயசமா என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதிய முறை, எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இதுவும் எம்பி4, அதுவும் எம்பி4, இது ஓடுது, அது ஏன் ஓடல?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஒன்றில் எச்.264 இருக்கும், இன்னொன்றில் எச்.265 இருக்கும். எச்.265-க்கு எச்இவிசி என்று இன்னொரு பெயர் உண்டு. சிஎஸ்6 வெளிவந்தது 2012-ல். ஐபோன் எச்இவிசிக்கு மாறியது 2017-ல், ஐஓஎஸ் 11 வந்தபோது. பின்னால் வந்ததை முன்னால் வந்தது எப்படித் திறக்கும்?

"விஎல்சி பிளேயரில் நல்லா ஓடுதே" என்பார்கள். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதில் ஓடினால் ஃபைல் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். எடிட்டிங் மென்பொருளில் ஓடுமா என்பதற்கு அது சாட்சி இல்லை.

1. ஃபைலை ஒழுங்காக வாங்குங்கள்

பாதிப் பிரச்சினை ஃபைல் நம் கைக்கு வரும் வழியிலேயே முளைத்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுங்கித்தான் வரும். அதையே டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் ஃபைல் அப்படியே வரும். ஒரு ஃபைல் 2 ஜிபி வரைக்கும் போகும். அதற்கு மேலே இருந்தால் கூகுள் டிரைவ், அல்லது பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விடுங்கள். வில்லாபுரத்திலிருந்து ஆனையூருக்கு வண்டியில் போய் வருவது, வீட்டு நெட்டில் 6 ஜிபி ஏறிமுடியக் காத்திருப்பதைவிடச் சீக்கிரம் முடியும்.

பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மெட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அது ஏற்காது. டிரைவில் இடம் காலியாக இருந்தாலும் காப்பி ஆகாது. எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மெட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபோனைக் கேபிள் போட்டு இணைப்பதாக இருந்தால், செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய் அடியில் பாருங்கள். மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது பற்றி இரண்டு தேர்வுகள் இருக்கும். 'ஆட்டோமேட்டிக்' வைத்தால் ஐபோனே பழைய வடிவத்துக்கு மாற்றித் தரப் பார்க்கும். 'கீப் ஒரிஜினல்ஸ்' வைத்தால் எச்இவிசி அப்படியே வரும். நீளமான வீடியோக்களுக்கு நான் அசலைத்தான் வாங்குகிறேன். மாற்றிக்கொண்டே காப்பி ஆகும்போது நடுவில் இணைப்பு அறுந்துபோகும் தொல்லை அதில் குறைவு.

பழைய ஹேண்டிகேம் கார்டு வந்தால் எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். ஏவிசிஎச்டி கேமரா நீளமான ஷாட்டை 2 ஜிபிக்கோ 4 ஜிபிக்கோ ஒருமுறை வெட்டித் தனித்தனி ஃபைலாக எழுதும். அந்தத் துண்டுகளை ஒன்றாக ஒட்டும் தகவல் மற்ற ஃபோல்டர்களில்தான் இருக்கிறது. 'பிரைவேட்' ஃபோல்டரை முழுசாக அப்படியே காப்பி பண்ணுங்கள். சிஎஸ்6-ல் மீடியா பிரவுசர் வழியாகவும், எடியஸில் சோர்ஸ் பிரவுசர் வழியாகவும் உள்ளே கொண்டுவாருங்கள். துண்டு துண்டாக இழுத்துப் போட்டால் ஒட்டும் இடத்தில் சில ஃபிரேம் போய்விடும். அது எந்த இடத்தில் போகும் என்று கேட்காதீர்கள், மாலை மாற்றும் இடத்தில்தான் போகும்.

இன்னொரு சின்ன விஷயம். ஃபைல் பெயரும் ஃபோல்டர் பெயரும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். 'வரவேற்பு செல்வி வெட்ஸ் கார்த்தி' என்று தமிழில் ஃபோல்டர் போட்டு, அதற்குள் நாலு ஃபோல்டர் போட்டால், சில பழைய மென்பொருள்கள் உள்ளே இருப்பதைப் படிக்கத் திணறும். விண்டோஸில் முழுப் பாதையின் நீளத்துக்கே 260 எழுத்து என்று ஒரு வரம்பு உண்டு. டிரைவின் வாசலிலேயே குட்டிப் பெயரில் ஃபோல்டர் போடுங்கள்.

2. மீடியாஇன்ஃபோ போட்டுப் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ ஓர் இலவச மென்பொருள். அதைத் தயாரித்த மீடியாஏரியாவின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஃபைலை அதன்மேல் இழுத்துப் போட்டு, பார்வையை 'ட்ரீ' அல்லது 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் ஃபைலின் ஜாதகம் முழுக்கத் தெரியும். நிறைய வரிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நமக்குச் சில வரிகள் போதும்.

வீடியோ பகுதியில் 'ஃபார்மெட்': ஏவிசி என்று இருந்தால் அது எச்.264, பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எச்இவிசி, விபி9, ஏவி1 என்று இருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

'பிட் டெப்த்' (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பது): 8 என்றால் நல்லது. 10 என்றால், ஏவிசியாகவே இருந்தாலும் பழைய மென்பொருளுக்கு அது சுமை. புது சோனி கேமராக்களில் 10 பிட், 4:2:2 என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கேமராமேனுக்குப் பெருமை, நமக்குத் தலைவலி.

'ஃபிரேம் ரேட் மோட்': இதுதான் பலர் கவனிக்காத வரி. 'கான்ஸ்டன்ட்' என்றால் சரி. 'வேரியபிள்' என்றால் கீழே 3-ஆவது பகுதியைப் படிக்காமல் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி எடிட் பண்ணும் இடத்தில்) போடாதீர்கள்.

'ஸ்கேன் டைப்': இன்டர்லேஸ்டா (ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாக எழுதுவது), புரோகிரஸிவா (முழுசாக எழுதுவது) என்று சொல்லும். 'எச்டிஆர் ஃபார்மெட்' (வெளிச்சத்தையும் நிறத்தையும் அதிக வீச்சில் பதியும் முறை) என்று ஒரு வரி இருந்தால் நிறம் வெளிறி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஆடியோ பகுதியில் ஏஏசி, பிசிஎம், ஏசி-3 என்று எது இருக்கிறது என்று பாருங்கள்.

புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். கார்டு வந்தவுடன் ஒவ்வொரு ஆளிடமிருந்து வந்ததில் ஒரு ஃபைலையாவது மீடியாஇன்ஃபோவில் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும். எழுதாமல் நேராக இம்போர்ட் பண்ணினால் எந்த ஃபைல் எதனால் சிக்கியது என்று பிறகு தேட முடியாது.

3. நோய் என்ன என்று பாருங்கள்

படம் கறுப்பு, சத்தம் மட்டும் வருகிறது. அல்லது சிஎஸ்6 'அன்சப்போர்ட்டட் கம்ப்ரஷன் டைப்' என்றோ 'ஜெனரிக் எரர்' என்றோ சொல்கிறது: பெரும்பாலும் எச்இவிசி. கோப்ரோவில் எடுத்திருந்தால் ஃபைல் பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஹீரோ 6-லிருந்து ஃபைல் பெயர் ஜிஎச் என்று தொடங்கினால் எச்.264, ஜிஎக்ஸ் என்று தொடங்கினால் எச்இவிசி. அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டு எடுத்துக்கொண்டு வருகிற பையன்களிடம் பெரும்பாலும் ஜிஎக்ஸ்தான் இருக்கும், ஏனென்றால் வேகமான 4கே அதில்தான் கிடைக்கிறது.

படம் வருகிறது, சத்தம் போகப்போக விலகுகிறது: இதை நம்மூர்க் கல்யாணத்தில் வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். போனில் இருபது நிமிடம் ஒரே ஷாட்டாக முகூர்த்தத்தை எடுத்திருப்பார்கள். ஆரம்பத்தில் ஐயர் வாயசைவும் மந்திரமும் சரியாக இருக்கும். தாலி கட்டும் இடம் வரும்போது கெட்டிமேளம் முன்னாலேயே முழங்கிவிடும், மாப்பிள்ளை கை அதற்கப்புறம்தான் கழுத்துக்குப் போகும். அல்லது முடிச்சுப் போட்டு முடிந்தபிறகு மேளம் வரும். காரணம் வேரியபிள் ஃபிரேம் ரேட். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே விநாடிக்கு எடுக்கும் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும், வெளிச்சம் வந்தால் கூட்டிக்கொள்ளும். பழைய மென்பொருள் முழுக்க ஒரே வேகம் என்று எண்ணிக் கணக்குப் போடும். சத்தமோ உண்மையான நேரத்தில் ஓடுகிறது. பிரீமியரே இதை ஒழுங்காகக் கையாளத் தொடங்கியது சிசி 2018-ல்தான்.

இதை டைம்லைனில் ஆடியோவை வெட்டி நகர்த்திச் சரிபண்ணப் பார்க்காதீர்கள். ஓரிடத்தில் சரியானால் இன்னோரிடத்தில் தவறும். வெளியே ஒருமுறை கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டாக மாற்றிவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள், அதோடு முடிந்தது.

நிறம் வெளிறியோ, சட்டை வேட்டி எல்லாம் எரிந்த மாதிரி வெள்ளையாகவோ வருகிறது: ஐபோன் 12-லிருந்து எச்டிஆர் வீடியோ உண்டு. எச்இவிசியை எச்.264 ஆக மாற்றினால் மட்டும் இது போகாது, நிறவெளியையும் சேர்த்து மாற்றவேண்டும். ஷட்டர் என்கோடர் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில் நிறங்களுக்கான பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் எடுக்கும்போதே அணைத்து வைப்பதற்கு ஈடாகாது.

திறக்கிறது, ஆனால் தட்டித் தட்டி ஓடுகிறது: எச்.264-தான், ஆனால் 4கே. எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். பழைய புராசஸரால் தாங்க முடியாது. கடைசியில் கொடுக்கப்போவது எச்டி என்றால் முன்னாலேயே எச்டிக்கு இறக்கிவிடுங்கள்.

எம்கேவி, வெப்எம்: சிஎஸ்6 இரண்டையும் ஏற்காது. எம்கேவிக்குள் எச்.264 இருந்தால் மறுபடி என்கோட் பண்ணவே வேண்டாம். ஷட்டர் என்கோடரில் 'ரீராப்' போட்டு எம்பி4 ஆக்கினால் போதும், காப்பி ஆகிற நேரத்தில் முடிந்துவிடும், தரமும் குறையாது.

எல்லாம் சரியான கோடெக்தான், இருந்தும் சிஎஸ்6-ல் சத்தம் மட்டும் இல்லை: கன்வர்ட் பண்ண ஓடுவதற்கு முன்னால், பிரிஃபரன்ஸில் மீடியா பகுதிக்குப் போய் கேஷை (மென்பொருள் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்களை) சுத்தம் பண்ணிவிட்டு, கேஷ் ஃபோல்டரில் மிச்சமிருப்பதையும் அழித்து, மறுபடி திறந்து பாருங்கள். பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

4. எதற்கு மாற்றுவது?

டைம்லைனுக்குள் போகிற எல்லாமும் ஒரே வகையாக இருக்கவேண்டும். ஒரே அளவு, ஒரே ஃபிரேம் ரேட், ஒரே கோடெக். என் அனுபவத்தில் பழைய சிஸ்டத்தைத் திட்டுகிறவர்களில் பலர் ஐந்து வகை ஃபைலை ஒரே டைம்லைனில் கலந்து போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

நான் சொல்வது சோனியின் எக்ஸ்டிகேம் எச்டி422. விநாடிக்கு 50 மெகாபிட். பேரைக் கேட்டால் பழசு என்று தோன்றும், பழசுதான். அதனால்தான் பழைய மென்பொருளோடு அது ஒத்துப்போகிறது. உள்ளே இருப்பது எம்பெக்-2. பழைய புராசஸர் அதைச் சிரமமில்லாமல் ஓட்டும். சிஎஸ்6 இதைத் தானாகவே படிக்கும், வேறு எதையும் நிறுவவேண்டாம். எடியஸில் உங்கள் பதிப்பில் ஒரு கிளிப்பைப் போட்டுச் சோதித்துவிட்டுத் தொடருங்கள்.

அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்டி இன்னும் தரமானது. ஆனால் சிஎஸ்6-ல் அதை எம்ஓவியாகப் படிக்க குயிக்டைமும் அவிட் கோடெக்கும் வேண்டும். விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016-லேயே கைவிட்டுவிட்டது, பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கின்றன. எடிட்டிங் சிஸ்டத்தில் நெட் இணைப்பே இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

எடியஸ்காரர்களுக்கு அதன் சொந்த வடிவமான கிராஸ் வேலி எச்கியூ ஏவிஐ இருக்கிறது. அதில் எடிட் பண்ணுவது வெண்ணெய் மாதிரிப் போகும். ஆனால் பழைய எடியஸால் எச்இவிசியையே திறக்க முடியாதபோது அதை வைத்து எப்படி மாற்றுவது? இரண்டு படியாகப் போகவேண்டும். முதலில் வெளியே எச்.264, பிறகு எடியஸுக்குள் கொண்டுவந்து எச்கியூ. 4கேயிலிருந்து இறக்கிய முக்கியமான ஷாட்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

இடக் கணக்கு இதோ. ஒரு மணி நேர வீடியோவுக்கு எக்ஸ்டிகேம் 50 மெகாபிட்டில் சுமார் 22.5 ஜிபி. டிஎன்எக்ஸ்எச்டி 120-ல் 54 ஜிபி. டிஎன்எக்ஸ்எச்டி 185-ல் 83 ஜிபி. வரவேற்பு, முகூர்த்தம், நலங்கு, அவுட்டோர் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் இருந்தால் முதலாவது வகைக்கு 225 ஜிபி போதும், கடைசி வகைக்கு 830 ஜிபி வேண்டும். ஹார்ட் டிஸ்க் வாங்க டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். வாங்குவது யுஎஸ்பி 3 ஆக இருந்தாலும், பழைய சிஸ்டத்தில் எந்தத் துளையில் சொருகுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நீல நிறத் துளைதான் யுஎஸ்பி 3. யுஎஸ்பி 2-ல் சொருகிவிட்டு ஃபைல் தட்டுகிறது என்று சொல்லக்கூடாது.

5. மாற்றும் வேலை

ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் இரண்டும் இலவசம். புதுப் பதிப்புகளை விண்டோஸ் 7-ல் ஓட்ட முயன்று நேரத்தைக் கரைக்காதீர்கள். மாற்றும் வேலையை எடிட்டிங் சிஸ்டத்தில்தான் செய்யவேண்டும் என்று சட்டமில்லை. வீட்டில் விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள லேப்டாப் இருந்தால் அதில் மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவாருங்கள். இன்டெல் ஏழாம் தலைமுறைக்குப் பிறகு வந்த லேப்டாப் என்றால் 10 பிட் எச்இவிசியைச் சிப்பே படித்துவிடும்.

ஷட்டர் என்கோடரில்: ஃபைல்களை இழுத்துப் போடுங்கள். ஃபங்ஷன் பட்டியலில் எக்ஸ்டிகேம் எச்டி422 தேர்ந்தெடுங்கள். அளவு 1920க்கு 1080. ஃபிரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். வெளியீட்டுக்குத் தனி ஃபோல்டர் கொடுங்கள், அசல் இருக்கும் ஃபோல்டரிலேயே போடாதீர்கள். செங்குத்தாகப் பிடித்த போன் வீடியோ என்றால் இரண்டு பக்கமும் கறுப்பு வரும், அதைப் பிறகு டைம்லைனில் பின்னணி மங்கலாக்கிச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

ஹேண்ட்பிரேக்கில் எச்.264 எடுப்பதாக இருந்தால்: டைமென்ஷன்ஸில் 1080. வீடியோ பகுதியில் கோடெக் எச்.264. பட்டியலில் 10 பிட் என்று போட்டிருக்கும் எச்.264-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஃபிரேம் ரேட் 25, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைக் கட்டாயம் தொடுங்கள், அது தானாக இருக்காது. தரத்துக்கு ஆர்எஃப் எண் 18. எண் குறைந்தால் தரமும் அளவும் கூடும். 'ஃபாஸ்ட் டிகோட்' டிக் பண்ணினால் பழைய சிஸ்டத்தில் சற்று இலகுவாக ஓடும். ஆடியோ பகுதியில் ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ்.

30 ஃபிரேமில் எடுத்ததை 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃபிரேம் விடுபடும். பேசுகிற, உட்கார்ந்திருக்கிற காட்சிகளில் தெரியாது. கரகாட்டம், டிஜே ஆட்டம், வண்டி ஓட்டம் இவற்றில் ஒரு சின்ன உதறல் தெரியும். 60 ஃபிரேமில் எடுத்திருந்தால் அதை 25 ஆக்காமல் 60-லேயே வைத்து, மென்பொருளில் வேகத்தைக் குறைத்து ஸ்லோ மோஷனாகப் பயன்படுத்துங்கள், அழகாக இருக்கும். கொடுக்கப்போவது யூடியூபும் பென் டிரைவும் மட்டும்தான், எல்லாமே 30-ல் எடுத்தது என்றால் புராஜெக்டையே 30-ல் போட்டுவிடலாம். ஊர்க் கேமராக்கள் 25, 50 என்று ஓடிக்கொண்டிருப்பதால் நான் 25-ஐ விடுவதில்லை.

பெரிய ஃபைல் எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். அதை வைத்து மொத்தத்துக்கும் கணக்குப் போட்டால் வாடிக்கையாளரிடம் எப்போது தருவேன் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தத் துண்டை டைம்லைனில் போட்டு வாயசைவு, நிறம், இரண்டு பக்க ஸ்பீக்கர் சத்தம் எல்லாம் பாருங்கள். சரியாக இருந்தால் மிச்சத்தை வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி ஓடவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, எம்பி4 ஃபைல் எழுதிமுடியும் முன்னால் சிஸ்டம் அணைந்தால் அந்த ஃபைல் திறக்காது.

காலையில் வந்ததும் ஒவ்வொரு ஃபைலின் நீளமும் அசலின் நீளமும் ஒன்றா என்று பாருங்கள். கடைசி ஒரு நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். சத்தம் விலகியிருந்தால் அங்கேதான் தெரியும்.

6. இதையெல்லாம் செய்யாதீர்கள்

எம்கேவி என்ற பெயரை எம்பி4 என்று மாற்றி எழுதினால் வேலை நடக்காது.

கோடெக் பேக் என்று நெட்டில் கிடைப்பதை எல்லாம் நிறுவாதீர்கள். சிஎஸ்6 எம்பி4-ஐத் தன் சொந்த இம்போர்ட்டரால்தான் படிக்கும், விண்டோஸில் நீங்கள் ஏற்றும் கோடெக் அதன் கண்ணில் படாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஏவிஐ படுத்துவிட்டால் அதற்கு வேறு தனியாக அலையவேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்இவிசி எக்ஸ்டென்ஷன் என்று குறைந்த விலைக்கு ஒன்று இருக்கிறது. அது விண்டோஸின் சொந்த பிளேயருக்கு உதவும், பழைய பிரீமியருக்கு உதவாது.

ஆன்லைன் கன்வெர்ட்டர் தளங்களில் ஏற்றாதீர்கள். அளவு வரம்பும் தண்ணீர்க்குறியும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இன்னொருவர் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் இருக்கும் வீடியோ அது. சடங்கு வீடியோவை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்ப அந்த வீட்டில் யாரும் உங்களிடம் சம்மதம் சொல்லவில்லை.

எச்கியூவுக்காகச் சொன்ன அந்த இரண்டு படியைத் தவிர, மாற்றியதையே மறுபடி மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் தரம் குறையும். தவறு வந்தால் அசலிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். அதனால்தான், ஆல்பத்தைக் கொடுத்துப் பாக்கிப் பணம் கைக்கு வரும் வரை அசலை அழிக்கக்கூடாது.

எதுவும் சரிவரவில்லை என்று கோபத்தில் சிஸ்டத்தை ஃபார்மெட் போட்டுவிடாதீர்கள். சிஎஸ்6-ஐ முதலில் ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் பண்ணவேண்டும். எடியஸுக்கும் லைசன்ஸை விடுவிக்கும் வேலை இருக்கிறது. சீரியல் எண், வாங்கிய பில், இன்ஸ்டால் டிஸ்க் மூன்றும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபார்மெட். இந்தப் பழைய பதிப்புகளை இன்று கடையில் போய்ப் புதிதாக வாங்க முடியாது.

7. எடுக்கிற இடத்திலேயே தடுங்கள்

நான் கேமராமேன்களுக்கு ஷூட்டுக்கு முந்தின நாள் அனுப்பும் செய்தி இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அண்ணே, நாளைக்கு எல்லாரும் 1080, 25 அல்லது 50 ஃபிரேம், எச்.264, 8 பிட் வச்சிருங்க. சோனியில எக்ஸ்ஏவிசி எஸ் போதும், எச்எஸ் வேண்டாம். டிரோன்லயும் எச்.264 மாத்திருங்க. கார்டை முழுசா காப்பி பண்ணித் தாங்க, ஃபைல் பேரை மாத்தாதீங்க."

எச்எஸ் என்று வருவது எச்இவிசி, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். டிரோன்காரர் லாக் கலர் (பிறகு நிறம் ஏற்றிக்கொள்ள வெளிறலாக எடுப்பது) வேண்டும் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் எச்.265-தான் வரும் என்று தெரிந்து நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு:

"மாமா, கேமரா செட்டிங்ஸ்ல ஃபார்மெட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைங்க. ரெக்கார்டு வீடியோவுல எச்டிஆர் ஆஃப் பண்ணிருங்க. போனைப் படுக்க வச்சு எடுங்க. அனுப்பும்போது வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க."

ஐபோனில் 'ஷோ பிஏஎல் ஃபார்மெட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் 25 ஃபிரேமிலேயே எடுக்கலாம். ஆண்ட்ராய்டு போன்களில் கேமரா செட்டிங்ஸில் 'ஹை எஃபிஷியன்ஸி வீடியோ' என்பதை அணைக்கச் சொல்லுங்கள். பெயர் போனுக்குப் போன் சற்று மாறும். எல்லாரும் செய்யமாட்டார்கள். நாலு பேரில் ஒருத்தர் செய்தாலும் உங்களுக்கு ஒரு ராத்திரி மிச்சம்.

8. காசு, நேரம், எழுத்து

மென்பொருளுக்குச் செலவில்லை. செலவு ஹார்ட் டிஸ்க்கிலும் உங்கள் ராத்திரிகளிலும்தான். அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே ஆர்டர் தாளில் இந்த வரியைச் சேருங்கள்:

"குடும்பத்தார் தரும் செல்போன் வீடியோக்களை வடிவம் மாற்றிச் சேர்க்கத் தனிக் கட்டணமும் கூடுதல் நேரமும் ஆகும். அசல் ஃபைல் மட்டுமே ஏற்கப்படும். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் தரவேண்டும்."

கட்டணத்தை ஃபைல் எண்ணிக்கைக்குப் போடாமல் மணிக்கணக்குக்குப் போடுங்கள். நாற்பது துண்டு சேர்ந்து பத்து நிமிடம் வருவதும் உண்டு, ஒரே ஃபைல் ஒன்றரை மணி நேரம் இருப்பதும் உண்டு. அந்த ஒரு வார வரம்பு மிக முக்கியம். எடிட் முடிந்து ரெண்டரும் போட்ட பிறகு "தம்பி, என் மச்சான் துபாயில இருந்து அனுப்பிருக்கான், இதையும் சேர்த்துருங்க" என்று வரும். எழுத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே தாளைக் காட்டலாம்.

எப்போது புது சிஸ்டம் வாங்குவது என்று கேட்டால், வருகிற ஃபைல்களில் எச்இவிசி பாதிக்கு மேல் போய்விட்டால், மாற்றுகிற நேரம் எடிட்டிங் நேரத்தைத் தொட ஆரம்பித்தால், அப்போது வாங்குங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வ் இலவசம்தானே என்று பழைய சிஸ்டத்தில் போட்டுப் பார்க்கலாம் என நினைப்பீர்கள். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் நிறைய ரேமும் வேண்டும், பழைய பெட்டியில் அது மூச்சு வாங்கும்.

மாற்றுவதாக முடிவெடுத்தால் ஆடியிலோ மார்கழியிலோ மாற்றுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்கள், கை காலியாக இருக்கும். தை பிறந்துவிட்டால் ஜல்லிக்கட்டு, அதைத் தொட்டு வரிசையாகக் கல்யாணம், சித்திரையில் திருவிழா என்று மூச்சுவிட நேரம் இருக்காது. புது சிஸ்டத்தில் ஒரு பழைய கல்யாணத்தை முழுசாக எடிட் பண்ணி, ரெண்டர் வரைக்கும் போய்ப் பார்த்த பிறகுதான் பழைய பெட்டியை விலைக்குக் கொடுக்கவேண்டும். பாதியில் நிற்கும் எடியஸ் புராஜெக்டுகள் ஏதாவது இருந்தால் அவை முடியும் வரை அதுவும் மேசையிலேயே இருக்கட்டும்.